நாய் பாய்ந்தால் எதுவரை அடிக்கலாம்?

தெருநாய், வளர்ப்பு நாய், கடி, வழக்கு என்று வந்த கடிதங்களே இந்த முறை அதிகம். பல கடிதங்கள் ஒரே விஷயத்தைக் கேட்டதால், ஒன்பதைத் தேர்ந்தெடுத்து விரிவாகப் பதில் தருகிறோம்.

இரவுப் பணி முடிந்து பேருந்து நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு அரை கிலோமீட்டர் நடக்கிறேன். தெருமுனையில் ஐந்தாறு நாய்கள் சூழ்ந்துகொள்கின்றன. கல்லெறிந்தால் இன்னும் வெறியாகின்றன. என்ன செய்வது?
– வாசகர், மேடவாக்கம்

முதலில், எந்த நாயைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள். எதிரில் நின்று தொண்டை கிழியக் குரைக்கிற நாய் பெரும்பாலும் கடிக்க வருவதில்லை. “இது என் எல்லை, போ” என்கிறது, அவ்வளவுதான். சத்தமில்லாமல் உங்கள் பின்பக்கமாகச் சுற்றி வருகிற நாய்தான் கெண்டைக்காலில் பல் வைக்கும். உடம்பு விறைத்து, பிடரி மயிர் சிலிர்த்து, வாலை மேலே தூக்கி அசைக்காமல் வைத்திருந்தால் அது முடிவெடுத்துவிட்ட நாய். வால் ஆடுகிறதே என்றும் நம்பிவிடக் கூடாது. உடம்பு தளர்ந்திருக்க வால் வீசி ஆடினால்தான் சிநேகம். உடம்பு விறைத்திருக்க வால் நுனி மட்டும் துடித்தால் அது வேறு.

ஓடாதீர்கள். ஓட்டத்தில் நாயை யாரும் ஜெயித்ததில்லை, ஓடுவதைத் துரத்துவது அதன் பிறவிக்குணம். நின்றுவிடுங்கள். பின்பக்கம் பாதுகாப்பாக இருக்க ஒரு சுவரையோ நிறுத்தியிருக்கும் காரையோ முதுகுக்குக் கொடுங்கள். இது ஒன்றே பாதி வேலையை முடித்துவிடும், ஏனென்றால் கூட்டமாக வரும் நாய்களின் பலமே பின்னால் வருவதுதான். கண்ணுக்குள் முறைத்துப் பார்க்காமல் அதன் காலடியைப் பாருங்கள். உடம்பைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்ளுங்கள். குரலை அடித்தொண்டையில் வைத்து “ஏய், போ” என்று ஒருமுறை, இருமுறை சொல்லுங்கள். கீச்சென்று கத்தினால் அதற்கு உற்சாகம்தான் கூடும். பிறகு ஒவ்வொரு அடியாகப் பக்கவாட்டில் நகருங்கள். அவற்றின் எல்லையைத் தாண்டியதும் பெரும்பாலும் அவையே நின்றுவிடும்.

கல் விஷயம். நம் தெருநாய்களுக்குக் குனிந்து கல்லெடுக்கும் அசைவு நன்றாகத் தெரியும். கல் இல்லாமலே அந்த அசைவைக் காட்டினால் ஒற்றை நாய் பின்வாங்கும். ஆனால் இடுப்பை வளைத்துத் தலையைக் கவிழ்க்கக் கூடாது. பார்வை நாயின் மேலேயே இருக்க, முழங்காலை மட்டும் மடக்கிக் குனிய வேண்டும். கூட்டமாக இருந்தால் எறிவதால் லாபமில்லை. ஒன்றின் மேல் பட்டு அது அலறினால், அந்த அலறல் மற்ற நாய்களைக் கிளப்பிவிடும். உங்களுக்கு நேர்ந்தது அதுதான்.

கையில் எப்போதும் ஒரு குடை வைத்துக்கொள்ளுங்கள். பட்டனை அழுத்தினால் விரியும் குடை நல்லது. நாய் நாலைந்து அடி தூரத்தில் வரும்போது அதன் முகத்துக்கு நேராக விரித்தால், திடீரென்று முளைத்த பெரிய வட்டத்தைப் பார்த்துப் பெரும்பாலான நாய்கள் திகைக்கும். மீறி வந்தாலும் கடி துணிக்குப் போகும், தொடைக்கு வராது. குடை இல்லையென்றால் தோள்பை, தலைக்கவசம், கழற்றிய செருப்பு, சாப்பாட்டுப் பை என எதுவானாலும் சரி, உங்களுக்கும் நாயின் வாய்க்கும் நடுவில் தொடை உயரத்தில் நீட்டுங்கள். நாய் முதலில் எட்டுவதைத்தான் கவ்வும். உங்கள் சதைக்குப் பதில் வேறொன்றைக் கவ்வக் கொடுப்பதே இதில் முழு வித்தை.

தடி வைத்திருப்பவர்கள் செய்யும் தவறு, அதைத் தலைக்கு மேல் ஓங்குவது. ஓங்கிய கணத்தில் வயிறும் தொடையும் திறந்து கிடக்கின்றன. மூன்று, நான்கு அடித் தடியின் நுனியை நாயின் மூக்குக்கு நேராக நீட்டிப் பிடித்தால் போதும், அது தடியைக் கடிக்கும்.

கீழே விழுந்துவிட்டால் எழ முயலாமல் குப்புறச் சுருண்டுகொள்ளுங்கள். முழங்கால்கள் மார்புக்கு, விரல்களைக் கோத்த கைகள் பிடரிக்கு, முன்னங்கைகள் காதுகளை மூடி. கழுத்தும் முகமும் தப்பினால் மற்றவற்றை மருத்துவமனையில் பார்த்துக்கொள்ளலாம்.

மறுநாள் காலை உங்கள் உள்ளாட்சியில் (சென்னை மாநகராட்சி எல்லைக்குள் என்றால் 1913 எண்ணில்) புகார் பதிவு செய்யுங்கள். “நாய்த்தொல்லை” என்று பொதுவாகச் சொல்லாமல், எந்தத் தெருமுனை, எத்தனை மணி, என்ன நிறம், காதோரத்தில் கருத்தடை அடையாள வெட்டு இருக்கிறதா, துரத்தியதா கடித்ததா என்று சொல்லிப் பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏன் இவ்வளவு விவரம் என்பதை அடுத்தடுத்த பதில்களில் பார்க்கலாம்.

பைக்கைத் துரத்தும் நாயை உதைக்கலாமா?
– வாசகர், மதுரை

வேண்டாம். உதைக்கக் காலை எடுத்தால் வண்டியின் சமநிலை போகும். இப்படி விழுபவர்களுக்குக் கடியைவிடத் தலைக்காயம்தான் பெரிது. முறுக்கிக்கொண்டு பறப்பதும் துரத்தலை நீட்டிக்கவே செய்யும். தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து மெதுவாகக் கடந்துவிடுங்கள். விடாமல் வந்தால் வண்டியை நிறுத்தி, நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் வண்டி இருக்கும்படி இறங்கி நின்றுவிடுங்கள். துரத்த ஒன்றும் இல்லாத நாய் சில நொடிகளில் நிற்கும். பின்னால் உட்காருபவர் சேலை, துப்பட்டா நுனிகளைச் செருகிக்கொள்வது நல்லது. ஆடும் துணியும் நாயை இழுக்கும்.

எதிர்வீட்டில் ராட்வைலர் வளர்க்கிறார்கள். அது யாரையாவது கவ்விவிட்டால் எப்படி விடுவிப்பது?
– வாசகி, வேளச்சேரி

உங்கள் பயம் நியாயமானது. 2024 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கம் பூங்காவில் இரண்டு ராட்வைலர்கள் ஐந்து வயதுக் குழந்தையைக் கடித்துக் குதறியதை மறக்க முடியாது.

தாடை பலமுள்ள நாய் கவ்விப் பிடித்துவிட்டால் கடிபட்டவரை இழுக்கவே கூடாது. பல் பதிந்திருக்கும்போது இழுத்தால் துளையாக இருக்கும் காயம் கிழிசலாகிவிடும். கடிபட்ட கையை வெளியே இழுப்பதற்குப் பதில் அசையாமல் வைத்திருங்கள், முடிந்தால் வாய்க்குள்ளாகச் சற்றுத் தள்ளுங்கள். நாயை அடிப்பதாலும் பயனில்லை. வெறியில் இருக்கும் நாய்க்கு அடி உறைக்காது, பிடி இறுகும்.

மூச்சை அடைப்பதுதான் வழி. பின்னாலிருந்து நாயின் முதுகின் மேல் கால் இருபுறமும் போட்டு நின்று, விலாவைத் தொடைகளால் இறுக்கி, கழுத்துப்பட்டையைக் காதுகளுக்குப் பின்னால் வரை மேலேற்றி முறுக்குங்கள். பட்டைக்குள் ஒரு குச்சியைச் செருகித் திருகினால் பிடி நழுவாது. பட்டை இல்லையென்றால் பெல்ட், துப்பட்டா, வேட்டி எதையாவது கழுத்தில் சுருக்காகப் போட்டு மேல்நோக்கி இறுக்குங்கள். சில நொடிகளிலிருந்து ஒரு நிமிடம் வரை ஆகலாம். மூச்சுக்குத் திணறும்போது வாய் திறக்கும். அந்த நேரத்தில் இன்னொருவர் கடிபட்டவரை எடுத்துவிட வேண்டும். நீங்கள் சுருக்கை விட்டுவிடக் கூடாது. நாயை அப்படியே கதவுக்கு அந்தப்பக்கமோ கம்பத்திலோ கட்டிய பிறகுதான் கையை எடுக்க வேண்டும். விட்டதும் திரும்பிப் பாய்ந்து இரண்டாவது ஆளைக் கடிப்பது இதில் சாதாரணமாக நடக்கிற பிழை.

இரண்டு நாய்கள் சண்டையிட்டால் நடுவில் கையை விடாதீர்கள். ஆளுக்கொரு நாயாக, பின்னங்கால்களைத் தூக்கி ஒரே நேரத்தில் பின்னோக்கி நடந்து பிரிக்கலாம். ஆனால் ஒன்று கவ்விப் பிடித்திருந்தால், பிடி தளரும்வரை இழுக்கக் கூடாது.

என் மகளைக் கடிக்க வந்த தெருநாயைக் கட்டையால் அடித்தேன். அதன் கால் உடைந்துவிட்டது. தெருவில் ஒருவர் வழக்குப் போடுவேன் என்கிறார். தற்காப்பு என்று சொல்ல முடியாதா?
– வாசகர், கோவை

சொல்ல முடியும். ஆனால் எந்தச் சட்டப்பிரிவில் நின்று சொல்கிறீர்கள் என்பதில் பலரும் தவறுகிறார்கள்.

பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் தற்காப்பு உரிமை 34-ஆம் பிரிவில் தொடங்குகிறது. அந்த உரிமை ‘குற்றம்’ செய்பவருக்கு எதிரானது. நாய் குற்றம் செய்யும் நபர் அல்ல. அதனால் தானாகப் பாயும் நாயின் விஷயத்தில் உங்களுக்குக் கைகொடுப்பது 19-ஆம் பிரிவு. குற்ற எண்ணம் இல்லாமல், ஆளுக்கோ சொத்துக்கோ வரவிருக்கும் தீங்கைத் தடுக்க நல்லெண்ணத்தோடு செய்த செயல், அதனால் தீங்கு விளையும் என்று தெரிந்தே செய்திருந்தாலும், குற்றமாகாது என்கிறது அது. அந்த ஆபத்து உண்மையிலேயே அவ்வளவு பெரிதா, அவ்வளவு பக்கத்தில் இருந்ததா என்பதை ஒவ்வொரு வழக்கிலும் சாட்சியத்தை வைத்தே பார்ப்பார்கள்.

ஆகவே கேள்வி, அடித்தீர்களா என்பதல்ல, எந்த நேரத்தில் அடித்தீர்கள் என்பதே. மகளின் மேல் பாயும்போது விழுந்த அடி ஒன்று. நாய் ஓடத் தொடங்கிய பிறகு துரத்திப் போய்ப் போட்ட அடி வேறொன்று. மறுநாள் கட்டையோடு தேடிப்போய் அடித்தால் 19-ஆம் பிரிவு பக்கத்திலேயே வராது. அப்போது வருவது 325: விலங்கைக் கொல்வது, விஷம் வைப்பது, முடமாக்குவது ஆகியவற்றுக்கு 5 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். கூடவே 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவையும் சேர்ப்பார்கள். அதில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான். அதைப் பார்த்து அலட்சியப்பட வேண்டாம், எடை 325-இல் இருக்கிறது.

நீங்கள் இன்றே செய்ய வேண்டியவை: மகளுக்குக் கீறல் இருந்தால் அரசு மருத்துவமனையில் காட்டி, விபத்துப் பதிவேட்டில் பதிவு செய்து நகல் வாங்குங்கள். கிழிந்த உடையைத் துவைக்காமல் எடுத்து வையுங்கள். பக்கத்துக் கடையின் சிசிடிவி பதிவை அழிந்துபோவதற்கு முன் கேட்டு வாங்குங்கள். பார்த்த இரண்டு பேரின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். கால் உடைந்த நாய்க்குச் சிகிச்சை கிடைக்க உள்ளாட்சிக்கோ கால்நடை மருத்துவமனைக்கோ தகவல் கொடுத்துவிடுங்கள். அது மனிதத்தன்மை. உங்கள் நல்லெண்ணத்துக்குச் சாட்சியும் கூட.

ஒரு விதிவிலக்கு உண்டு. நாயை யாராவது உங்கள் மேல் ஏவிவிட்டால் அங்கே குற்றம் செய்பவர் மனிதர், நாய் அவர் கையில் ஆயுதம். அப்போது தற்காப்பு உரிமை முழுதாக வருகிறது. விலங்கைக் கொண்டு காயப்படுத்துவது 118-ஆம் பிரிவில் கத்தி, தீ, அமிலம் இவற்றோடு ஒரே வரிசையில் வைக்கப்பட்டிருக்கிறது. 3 ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பக்கத்துவீட்டு நாய் என் மாமியாரின் காலில் கடித்து ரத்தம் வந்தது. “எங்கள் நாய்க்கு ஊசி போட்டிருக்கிறோம், ஒன்றும் ஆகாது” என்று 500 ரூபாய் கொடுக்கிறார்கள். வாங்கிக்கொண்டு விட்டுவிடலாமா?
– வாசகி, திருச்சி

பணப் பேச்சைத் தள்ளி வைத்துவிட்டு முதலில் குழாயடிக்குப் போங்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம், கடிகாரத்தைப் பார்த்து, கழுவ வேண்டும். இரண்டு நிமிடம் கழுவிவிட்டுப் போதும் என்று நினைப்பதுதான் எல்லோரும் செய்வது. ரேபிஸ் வைரஸின் வெளியுறை கொழுப்பாலானது, சோப்பு அதைக் கரைக்கிறது. பிறகு பொவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியைத் தடவலாம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதுவும் கூடாது. கட்டும் போட வேண்டாம்.

நாய்க்கு ஊசி போட்டிருப்பது நல்லதுதான். அதை நம்பி மனிதருக்கு ஊசி போடாமல் இருக்க முடியாது. எந்தத் தடுப்பூசியும் எல்லா நாய்க்கும் முழுதாகப் பிடித்திருக்கும் என்று உறுதி கிடையாது. ரேபிஸ் அறிகுறி வந்த பிறகு காப்பாற்ற மருந்தில்லை. தோல் கீறி, ரத்தம் வராமல் இருந்தால் இரண்டாம் வகை, தடுப்பூசி போதும். உங்கள் மாமியாருக்கு ரத்தம் வந்திருப்பதால் மூன்றாம் வகை. தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பு மருந்தைக் காயத்துக்குள்ளும் சுற்றிலும் போட வேண்டும். மனித வகை மருந்தானால் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 20 யூனிட், குதிரை வகையானால் 40 யூனிட். 60 கிலோ என்றால் 1,200 அல்லது 2,400. தடுப்பூசி வேலை செய்யத் தொடங்கச் சில நாட்கள் ஆகும். அந்த இடைவெளியைக் காப்பது இந்த மருந்துதான். முதல் நாளில் விடுபட்டுவிட்டால் ஏழாம் நாளுக்குள் போட்டாக வேண்டும். “ஊசி போட்டாயிற்று” என்று வீட்டுக்கு அனுப்பினால், “காயத்தில் போடும் மருந்து போட்டீர்களா?” என்று நீங்களே கேளுங்கள்.

தடுப்பூசி அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசம். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28-ஆம் நாட்கள், ஒவ்வொரு முறையும் இரண்டு கையிலும் 0.1 மில்லி. தசையில் போடும் முறையில் 0, 3, 7, 14, 28. முதல் ஊசி போட்ட நாள்தான் 0. நாயைப் பத்து நாள் கட்டிவைத்துக் கவனிக்கச் சொல்லுங்கள். அது நலமாக இருந்தால் மீதி ஊசியை மருத்துவர் முடிவு செய்வார். பத்து நாள் பார்த்துவிட்டு ஊசியைத் தொடங்கலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.

இனி சட்டம். தன்னிடமுள்ள விலங்கால் உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ ஆபத்து நேரலாம் என்ற நிலையில் போதிய பாதுகாப்பு செய்யாமல் அலட்சியமாக இருப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவில் குற்றம். 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். காவல்துறை நேரடியாக வழக்குப் பதியலாம். புகாரில் “நாய் கடித்தது” என்று மட்டும் எழுதாதீர்கள். சங்கிலி இல்லாமல் விட்டிருந்தார்கள், கேட் திறந்திருந்தது, முன்பே இன்னாரைக் கடித்திருக்கிறது, உரிமையாளருக்கு அது தெரியும் என்று எழுதுங்கள். 291 நிற்பது அந்த அலட்சியத்தின் மேல்தான். புகாரைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பாமல், புகாரைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் தரும் சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள். நாய்க்கு உள்ளாட்சி உரிமம் இருக்கிறதா என்றும் விசாரிக்கச் சொல்லுங்கள். சென்னையில் அது கட்டாயம்.

500 ரூபாய்க்கு எழுதிக் கையெழுத்துப் போட வேண்டாம். மருத்துவச் செலவு, வேலை இழப்பு, வேதனை எல்லாவற்றுக்கும் உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்கலாம். உறவு கெடாமல் முடிக்க விரும்பினால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் சமரசத்தை நாடுங்கள்.

வாசலில் “நாய் ஜாக்கிரதை” பலகை இருந்தால் உரிமையாளருக்குப் பொறுப்பில்லையா?
– உணவு விநியோகப் பணியாளர், சேலம்

பலகை எச்சரிக்கைதான், விலக்கு அல்ல. எங்கள் பார்வையில் அது உரிமையாளருக்கு எதிராகவே பேசும், ஏனென்றால் நாய் கடிக்கும் என்பது அவருக்குத் தெரியும் என்பதை அவரே எழுதி மாட்டியிருக்கிறார். வரச்சொல்லி வந்தவரைக் கடித்தால் நாயைக் கட்டாதது அவர் தவறு. இரவில் சுவரேறிக் குதித்தவர் கடிபட்டால் நிலைமை வேறு. நீங்கள் கேட்டுக்கு வெளியே நின்று போன் செய்து, “நாயைக் கட்டிவிட்டீர்களா?” என்று கேட்ட பிறகே உள்ளே போங்கள்.

தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஒரே இரவில் பதினொரு செம்மறியைக் கொன்றன. விஷம் வைக்கலாம் என்கிறார்கள் ஊரில்.
– விவசாயி, வெள்ளகோவில்

உங்கள் இழப்பு சிறியதல்ல. காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலைப் பக்கம் எத்தனை குடும்பங்கள் இப்படி நொடித்துப்போயின என்று அறிவோம். ஆனாலும் விஷம் வேண்டாம். 325-ஆம் பிரிவு விஷத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அதோடு விஷம் எந்த நாய் என்று பார்க்காது. உங்கள் காவல் நாய், மயில், பக்கத்துத் தோட்டத்துக் குழந்தை எல்லாமே அதன் வழியில் இருக்கின்றன. பிடித்துச் சாக்கில் கட்டி வேறு ஊரில் விடுவதும் சரியில்லை. பட்டினியால் வாடும்படி விலங்கைக் கைவிடுவது வதைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம், விட்ட ஊரிலும் பட்டிகள் இருக்கின்றன.

பட்டிக்குள் பாய்ந்து ஆட்டைக் குதறிக்கொண்டிருக்கும் நாயை அந்த நேரத்தில் தடியால் விரட்டுவதும் அடிப்பதும் வேறு. 19-ஆம் பிரிவு சொத்தையும் சேர்த்தே சொல்கிறது.

காலையில் செத்த ஆடுகளைப் புதைக்கும் முன் கால்நடை மருத்துவரை வரவழைத்துப் பிரேதப் பரிசோதனைச் சான்று வாங்குங்கள். கிராம நிர்வாக அலுவலருக்கும் காவல் நிலையத்துக்கும் எழுத்தில் கொடுங்கள். கடிபட்டும் கடிபடாமலும் கிடக்கும் ஆடுகளைத் தனித்தனியாகப் படமெடுங்கள். மிரண்டு மூலையில் நெருக்கியடித்து மூச்சுமுட்டிச் சாவதும் உண்டு, அதையும் சான்றில் குறிக்கச் சொல்லுங்கள். இந்தத் தாள்கள் இல்லாமல் இழப்பீடு கேட்க முடியாது.

கிளுவை வேலி ஆட்டை உள்ளே நிறுத்தும், நாயை வெளியே நிறுத்தாது. இரவுப் பட்டிக்காவது ஆறடிக் கம்பி வலை வேண்டும். அதன் அடியை ஓரடி ஆழம் மண்ணில் புதைக்க வேண்டும், நாய் தாண்டுவதைவிடத் தோண்டித்தான் அதிகம் நுழைகிறது. கறிக்கோழிக் கழிவை ரோட்டோரத்தில் கொட்டுபவர்கள் மேல் ஊராட்சியில் புகார் கொடுங்கள். கூட்டமாக நாய் சேர்வதே அந்தக் குப்பையில்தான். சேர்ந்த கூட்டம் இரவில் பட்டிக்கு வருகிறது.

எங்கள் குடியிருப்பில் ஒருவர் மாடிப்படியிலேயே தெருநாய்களுக்குச் சோறு வைக்கிறார். தடுக்கலாமா?
– வாசகர், ஆவடி

இடத்தை மாற்றச் சொல்லலாம், உணவிடுபவரைத் தாக்கவோ மிரட்டவோ கூடாது. 2023-ஆம் ஆண்டின் விலங்குக் கருத்தடை விதிகளின்படி, உணவிடும் இடத்தைக் குடியிருப்போர் சங்கம் ஒதுக்க வேண்டும். அது மாடிப்படி, வாசல், குழந்தைகள் விளையாடும் இடம் இவற்றிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். 2025 ஆகஸ்ட் 22-இல் உச்ச நீதிமன்றம், தெருவில் கண்ட இடத்தில் உணவிடக் கூடாது, உள்ளாட்சி ஒதுக்கிய இடத்தில் மட்டுமே என்றது. கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாயைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும், ஆனால் ரேபிஸ் உள்ள, சந்தேகிக்கப்படும், ஆக்ரோஷமான நாய்களை விடக் கூடாது என்பதும் அதே உத்தரவு. மேடவாக்கம் வாசகருக்கு அத்தனை விவரம் எழுதச் சொன்னது இதற்காகத்தான். “ஆக்ரோஷம்” என்பதை நாள், நேரத்தோடு தாளில் காட்டினால்தான் அந்த நாய் திரும்பி வராது. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அகற்றவும், அங்கேயே மீண்டும் விடாமல் இருக்கவும் 2025 நவம்பர் 7-இல் தனி உத்தரவு வந்தது.

மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகனுக்கு எப்படிச் சொல்லித் தருவது?
– வாசகி, நாகர்கோவில்

சொல்லாதீர்கள், வீட்டில் நடித்துக் காட்டுங்கள். நீங்கள் நாயாக வாருங்கள். அவன் இரண்டு கையையும் மார்பில் கட்டிக்கொண்டு, தன் கால்விரலைப் பார்த்தபடி, வாய் திறக்காமல் முப்பது வரை மனதுக்குள் எண்ண வேண்டும். இது மரம். நீங்கள் தள்ளிவிட்டால் குப்புறச் சுருண்டு பிடரியைப் பொத்திக்கொள்ள வேண்டும். இது மூட்டை. பத்து நாள் தினமும் இரண்டு முறை விளையாடினால் பயத்திலும் உடம்புக்கு நினைவிருக்கும். குட்டி போட்ட நாய், சாப்பிடும் நாய், தூங்கும் நாய், கட்டியிருக்கும் நாய் இந்த நான்கின் பக்கத்திலும் போகக் கூடாது என்று சேர்த்துச் சொல்லுங்கள். இன்னொன்று: நாய் பல் பட்டாலோ நக்கினாலோ, திட்டு விழும் என்று பயந்து மறைக்கும் பிள்ளைகள் உண்டு. “என்ன ஆனாலும் திட்டமாட்டேன், உடனே சொல்லு” என்று அவனிடம் இன்று இரவே சொல்லிவிடுங்கள்.